பனிமூட்டத்தில் வால்ரஸ்

என் பிடிவாதக்கார மாலுமிக்கு,

ஸ்வால்பார்ட் தீவுகளில் நேற்று முழுக்கப் பனிமூட்டம். பாய்மரத்தின் உச்சிகூடத் தெரியவில்லை. பனிக்கரடி பார்க்க வந்த பயணிகள் உள்ளே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். வரைபடத்தில் ஆழம் குறிக்காத இடம் என்பதால் மெதுவாகத்தான் போனோம்.

திடீரென்று சாணமும் அழுகலும் கலந்த நாற்றம். சுக்கான் பிடித்திருந்த ராக்னில்ட் மூக்கைச் சுளித்தாள்.

"யாருப்பா கக்கூஸ் கதவைத் திறந்து வச்சது?"

உன் நினைவு வந்தது. நீ எப்போதும் மோந்துவிட்டுத்தான் பார்ப்பாய்.

"திருப்புடி! வால்ரஸ் கூட்டம். கரை பக்கத்துல இருக்கு!" என்றேன்.

அவள் திருப்பிய பிறகுதான் உறுமல் கேட்டது. மூட்டம் விலகியபோது, மணல்திட்டில் அந்தக் கொழுத்த கடல் விலங்குகள் நீண்ட தந்தங்களோடு ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் படகு தரைதட்டியிருக்கும்.

"வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்று பிறகு ராக்னில்ட் கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்றேன். நீ ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதைச் சொல்லவில்லை. கண் டாக்டர் சொன்னதையும் சொல்லவில்லை.

இதை உன் தங்கை இங்கெர்தான் படித்துக் காட்டுவாள். நடுவில் அழுதால், அழுது முடித்துவிட்டுப் படிக்கச் சொல்.

ஆகஸ்ட் பயணத்துக்கு முன்தளத்தில் ஆள் வேண்டும். பரிதாபப்பட்டுக் கூப்பிடவில்லை. எனக்கு அந்த மூக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உன் கேப்டன்