டயருக்கு முன்னால் போன காந்தம்

என்னங்க,

டிராக்டரை எடுத்துக்கொண்டு அக்கா தோட்டத்துக்குப் போகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. கோபத்தில் பட்டினி கிடக்க வேண்டாம். டயரில் காற்றுப் பார்த்துவிட்டேன். வெயிலில் சூடான பிறகு பார்த்தால் அளவு தப்பும்.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, வண்டிப் பாதை நெடுக நான் இழுத்துப் போனபோது, "என்னடி, நாய்க்குட்டியை வாக்கிங் கூட்டிட்டுப் போறியா?" என்று சிரித்தீர்களே! மேஜைமேல் இருக்கும் டப்பாவைத் திறந்து பாருங்கள். அத்தனை ஆணியும் கம்பித் துண்டும் நம் டயருக்குள் போயிருக்க வேண்டியவை. இந்த உழவு முழுக்க ஒரு பஞ்சர் கிடையாது. பஞ்சர் கடைக்காரரே நேற்று, "அக்கா, உங்க வண்டி என்னை மறந்தே போச்சே!" என்று குறைப்பட்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காந்தத்தைப் பார்க்க மதியம் வருகிறார், டீ போட்டுக் கொடுங்கள்.

பி.கு: டப்பாவின் அடியில் மோட்டார் ரூம் சாவி, அதன் இரும்பு வளையத்தோடு இருக்கிறது. நான் தொலைத்ததாக வீட்டை இரண்டாக்கினீர்களே, அதேதான். பாதையோரம் நீங்கள் குட்டித் தூக்கம் போடும் மரத்தடியில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இன்னொன்று: நாய்க்குட்டி மோப்பம் பிடித்த கதையை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். கடைக்காரருக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்.