உங்கள் மூக்குக்கு வந்த குத்து

மாமா,

டிரில் மிஷினின் கார்பன் கருகும் வாசனையும் சர்க்கரை வேகும் வாசனையும் ஒரே மூச்சில் மூக்கில் ஏறினால், இந்த ஈரேழு உலகத்திலும் ஒருவர் ஞாபகம்தான் வரும். நேற்று உங்கள் மிஷினைக் கையில் எடுத்தேன். எவர்சில்வர் கம்பியை வளைத்து நீங்கள் செய்த முட்டை அடிக்கும் மத்து, அதன் வாயில் அப்படியே இருந்தது. ஸ்விட்சை அழுத்தினேன். நம் கோவில்பதாகைத் தெருநாய்கள் அத்தனையும் எழுந்து நின்று மரியாதை செலுத்தின.

நேற்று அக்காவுக்குப் பிறந்தநாள். நீங்கள் போன பிறகு வரும் முதல் பிறந்தநாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பைத் துளைத்துக்கொண்டிருந்த மனுஷன் கேக் செய்யக் கிளம்பிய சரித்திரம் எனக்குத்தானே தெரியும்! கட்டிய பெண்டாட்டியின் பிறந்தநாளை மறந்துவிட்டு, மறுநாள் உயிர்ப்பிச்சை கேட்டுச் செய்த கேக் அது. வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் மலைபோல நுரைக்க அடித்து, வட்டமாகப் பரப்பிக் காயவைத்தால் அது மெரிங் என்று நான் போனில் பார்த்துச் சொன்னேன். "இன்னாடா பெரிய மெரிங்கு, முட்டை அப்பளம்" என்றீர்கள். அப்பளத்துக்கு மெல்லிய சூடு வேண்டுமாம். மூடிப்போன வேறொரு பட்டறையிலிருந்து வெல்டிங் கம்பி காயவைக்கும் மின்சாரச் சூட்டுப்பெட்டி ஒன்றை, ஒரு கம்பிகூட உள்ளே போகாத புதுப்பெட்டியை, ஷேர் ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தீர்கள். மூன்று அப்பளம், நடுநடுவே கிரீம், மாம்பழம், மாதுளை. கோபுரம் எழும்பியது.

அக்கா வந்தாள். அவள் குரல் எடுத்தால் அண்ணனூர் ஷெட்டில் தூங்கும் ரயில் தானாகக் கிளம்பும். "நேத்து எங்கய்யா போச்சு இந்தப் பாசம்?" என்று முஷ்டியை ஓங்கினாள். குறி உங்கள் மூக்கு. நீங்கள் கேக் தட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தீர்கள். விழுந்தது குத்து! முத்தாபுதுப்பேட்டை விமானப்படைத் தளத்தில் இறங்கவந்த விமானம் மறுபடி மேலே போயிருக்கும். மெரிங் சில்லுகள் சன்னல் வழியே பறந்தன. ஒரு மாம்பழத் துண்டு மின்விசிறி இறக்கையில் ஏறிச் சவாரி செய்தது. அக்கா முஷ்டியில் ஒட்டிய கிரீமை நக்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது."

அன்றிலிருந்து உங்கள் வீட்டுக் கேக்குக்குக் கத்தி கிடையாது. வருஷா வருஷம் தட்டை நீட்டி, "என் மூஞ்சின்னு நெனச்சுக்கினு குத்து" என்பீர்கள். ஒரு வருஷத்துக் கோபமெல்லாம் சேர்த்து அவளும் குத்துவாள். நொறுங்கியதை எல்லோரும் கிண்ணத்தில் அள்ளித் தின்போம்.

ஒருநாள் காலை பட்டறைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தீர்கள், மறுபடி எழவேயில்லை. அக்கா வாய்விட்டு அழவில்லை. அன்றோடு அவள் குரலும் போனது. பால்காரன் தண்ணீரில் கொஞ்சம் பால் கலந்து ஊற்றினான், பேசாமல் வாங்கிக்கொண்டாள். அவனே பயந்துபோய், "அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் கேட்டான். உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மாமா, அம்மா என்னை ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்குது. எனக்குப் பயமா கீது. எதுனா பண்ணு."

அதற்காகத்தான் படையெடுத்தேன். முதல் முட்டையிலேயே மஞ்சள் கரு உடைந்து வெள்ளையில் கலந்தது, நுரை வரவில்லை. இரண்டாம் தாக்குதலில் மிஷினை முழு வேகத்தில் விட்டேன். சமையலறைச் சுவருக்கு வெள்ளை அடிக்கும் கூலி மிச்சம். மூன்றாவதில் வென்றேன். பெட்டியிலிருந்து வந்த அப்பளங்களில் ஒன்று விரிசல். கிரீமையும் அதே மிஷினில் அடித்து, அடுக்கி முடித்தபோது கேக் உங்களைப் போலவே இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து நின்றது.

அக்கா முன்னால் தட்டை நீட்டினேன். "குத்துக்கா."

பார்த்தாள். கை எழுந்தது, பாதியில் நின்றது.

"அவரு மூஞ்சிடா அது. எப்படிடா குத்துவேன்?"

அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை மாமா. உங்கள் மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கோ தட்டைக் கீழே வைக்கவும் தெரியவில்லை. அக்கா எங்கள் இருவரையும் பார்த்தாள். பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு விரலால் ஓரத்துக் கிரீமைத் தொட்டு வாயில் வைத்தாள். முகம் மாறியது.

"இன்னாடா இது?"

"கிரீம்கா."

"கிரீமா? வெண்ணெய்டா இது! திரிஞ்சு போற வரிக்கும் அடிச்சிருக்கியேடா, கட்டைல போறவனே! அந்த மனுசன் எவ்ளோ பக்குவமா அடிப்பாரு, பக்கத்துலயே வாயப் பொளந்துகினுதானே குந்தியிருந்த?"

ஒவ்வொரு சொல்லுக்கும் குரல் ஒரு மாடி ஏறியது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஜல்லிக்கரண்டி காற்றைக் கிழித்து வந்து என் நெற்றியில் மோதியது. நான் சுதாரிப்பதற்குள் அடுத்தது.

"இது அவரு மூஞ்சி இல்லடா. உன் மூஞ்சி!"

குத்தினாள் மாமா! மூன்று அடுக்கும் ஒரே குத்தில் தூள். மாதுளை முத்துக்கள் என் சட்டையெங்கும் ரத்தக்களரி. தட்டு இரண்டாக உடைந்தது. மறுபடி குத்தினாள், மறுபடி. பிறகு கிரீம் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு அழாததையெல்லாம் தெருவே கேட்க அழுதாள். உங்கள் மகள் ஓடிவந்து எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அழுது முடித்து, தரையில் உட்கார்ந்து, அந்த வெண்ணெய்க் கேக்கை மூவரும் வழித்துத் தின்றோம்.

கிரீமை வேண்டுமென்றே கெடுத்தேன் என்று ஆவடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். உங்களிடம் என்ன மறைப்பது? கைக்கு மிஷினை நிறுத்தத் தெரியவில்லை.

நெற்றியில் எலுமிச்சை அளவு புடைப்பு. ஐஸ் வைக்கச் சொன்னாள் உங்கள் மகள். வேண்டாம் என்றேன். நீங்கள் விட்டுப்போன உத்தியோகம் எனக்கு வந்திருக்கிறது. பதவியேற்ற அடையாளம் கொஞ்ச நாள் இருக்கட்டும். அடுத்த வருஷம் தட்டை நீட்டி, என் மூஞ்சியென்று நானே சொல்வேன்.

இதை எழுதும்போது வாசலில் அக்கா பால்காரனைப் பிடித்திருக்கிறாள். சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்க்கப்போவதில்லை. புடைப்பைத் தடவிக்கொண்டு இங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.