தெரியாது என்று சொன்னவர்கள்

உத்திரமேரூர்
கார்த்திகை, 1958

சிரஞ்சீவி பஞ்சாட்சரத்துக்கு,

உன் ரேடியோ ஆபீஸ் ஆட்கள் வந்து போய்விட்டார்கள். இந்தப் பக்கத்து ஜனங்கள் மனதில் ரேடியோச் செய்தி நிற்பதே இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். நானும் உன் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், டில்லிக் குளிரில் நீ மார்ச்சளி இல்லாமல் இருந்தால் போதும். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை, எனக்கு வெய்யிலில் காடு காடாய் அலைந்த அசதி. நீ கேட்டபடி பஞ்சாயத்து ரேடியோ முன்னால் கூலி ஆட்களைக் கூட்டிவைத்தேன், வந்தவர்களுக்கு நாஷ்டாவும் கொடுத்தேன். பட்டணத்தில் வேர்க்கடலை விலை ஏறிய செய்தி வந்தது. முடிந்ததும் என்ன கேட்டீர்கள் என்று அதிகாரி விசாரித்தால், கூலி ஆட்களில் மூத்தவள் செங்கேணி முதல் அத்தனை பேரும் தெரியாது என்று தரையைப் பார்த்தார்கள். பஞ்சாபில் கேட்டதை ஒப்பித்தார்களாம், குஜராத்தில் செய்தியை வைத்துச் சண்டையே போட்டார்களாம், இங்கே சுவரோடு பேசின மாதிரி இருக்கிறது என்று அதிகாரி சலித்துக்கொண்டார்.

மறுநாள் காலை, செடியோடு விலை பேசி நான் வாங்கியிருந்த கடலைக் காட்டில் ஒருத்தரும் குனியவில்லை. வானம் கறுத்துக் கிடக்கிறது, மழை இறங்கினால் காய் மண்ணிலேயே முளைத்துவிடும், போட்ட முதல் அத்தனையும் போச்சு. செங்கேணி முன்னால் வந்து, "மல்லாட்ட வெலை ஏறிக்கீதாமே மொதலாளி, எங்க பங்கு மட்டும் இன்னாத்துக்கு குந்திக்கினே கீது" என்றாள். நேற்றுத் தெரியாது என்றாயே என்றேன். "நீங்க நாற்காலி போட்டுக்கினு எதிர்ல குந்திக்கினு இருந்தீங்க, தெரியும்னு சொல்லிட்டு அப்பால யாராண்ட வேலைக்குப் போறது" என்றாள். "நாங்க ரேடியோவையா பாத்தோம், ஒங்க மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தோம்" என்று முனியன் சொல்ல, எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. உன் மேலதிகாரிகளிடம் சொல், கேள்வி கேட்கிற இடத்தில் கூலி கொடுக்கிறவன் உட்காரக்கூடாது, கேட்டது மனதில் நின்றதா என்று மறுநாள் காட்டுக்கு வந்து பார்க்கவேண்டும். பஞ்சாபில் கேட்டபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் விசாரி.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ள மறக்காதே, தீர்க்காயுசாய் இரு. தூறலுக்கு முன்னால் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். பேசி முடித்தது இது: பிடுங்குகிற கடலையில் கூலியாகப் பன்னிரண்டு மரக்காலுக்கு ஒன்று என்றிருந்த அவர்கள் பங்கு இனிப் பத்துக்கு ஒன்று, மரக்காலைத் தலை தட்டாமல் குவித்து அளப்பது, மத்தியானக் கூழ் என் பொறுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஏகாம்பரம்