தாமசினின் தலைமாட்டுக் கொக்குகள்

அனுப்புநர்:
ஆம்ப்ரோஸ் கெட்டில்வுட்,
கம்பளித் துணி வணிகர்,
ஹாடன் கிராமம், சஃபோக்.

பெறுநர்:
குலச்சின்னத் தலைமை அதிகாரி அவர்கள்,
லண்டன்.

பொருள்: என் மனைவியின் கல்லறையில் செதுக்கி அழிக்கப்பட்ட கேடயத்தின் இடத்தில், அவர் பிறந்த வீட்டுச் சின்னத்தை மட்டும் மீண்டும் பொறிக்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. குலச்சின்னம் தரிக்க உரிமையற்றவர்கள் என்று சென்ற சந்தை நாளில் மணியடித்துப் படிக்கப்பட்ட பெயர்களில் என் பெயரும் ஒன்று. அதை மறுத்து இம்மனுவை எழுதவில்லை. படித்தது சரிதான்.

2. காலமான என் மனைவி தாமசின், ஜெர்வஸ் பிளாம்ஸ்டன் பிரபுவின் மகள். நீலத் தளத்தில் மூன்று வெண்கொக்குகள் அவர்கள் குலச்சின்னம். கம்பளி வியாபாரியைக் கட்டிக்கொண்டார் என்று அண்ணன்மார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அதை ஒருநாளும் அவர் எனக்குக் குத்திக்காட்டியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோது, "என் தலைமாட்டுல அந்தக் கொக்குங்க இருந்தா போதுங்க, வேற ஒண்ணும் வேணாம்" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

3. கல்லறையில் சின்னம் பொறிக்கும் கேடயத்தில் ஒரு பாதி கணவன் வீட்டுக்கு, மறுபாதி மனைவி வீட்டுக்கு. என் பாதி வெறுங்கல்லாக நிற்பதை என் மனம் ஒப்பவில்லை. கென்ட் பக்கம் கெட்டில்வுட் என்றொரு குடும்பத்துக்குச் சிவப்புச் சிங்கம் இருப்பதாகச் சின்னம் தீட்டுபவர் சொன்னார். "பேரு ஒண்ணாயிருக்கு, அது போதாதா? யாரு வந்து கேக்கப்போறா?" என்றார். கேட்கத் தாங்கள் இருப்பதை நான் அறிவேன். அறிந்தே சிங்கத்தை வைத்தேன்.

4. ஊரூராகக் குலச்சின்னங்களைத் தணிக்கை செய்ய வந்த தங்கள் அதிகாரி என் வம்சத்தைக் கேட்டார். ஆடு மேய்த்த என் பாட்டனாருக்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து சனங்கள் கலையுமுன்பே கல்தச்சர் உளியை எடுத்தார். சிங்கத்தோடு கொக்குகளும் போயின. கொக்குகள் என்ன குற்றம் செய்தன என்று கேட்டேன். அதிகாரி கடிந்து பேசவில்லை. "சின்னம் இல்லாதவரைக் கட்டின பொம்பளைக்கு அவங்க அப்பா சின்னமும் கிடையாதுங்க. விதி அப்படி, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். திட்டியிருந்தால் தேவலை. என்னைக் கட்டியதால்தான் அவர் கொக்குகளை இழந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

5. கோழி விற்கும் அம்மாள்கூட, "பிரபுவே, சிங்கத்துக்கு இரை போட்டாச்சா?" என்கிறாள். எனக்கு அது வேண்டியதுதான். ஆனால் தேவாலயத்தில் கொத்திக் குதறிய அந்தக் கல்லுக்கு எதிரே மண்டியிட நேரும்போது கூசிப்போகிறேன். பகட்டு என்னுடையது, பாழானது அவர் தலைமாடு.

6. மணமாகாத பெண்ணின் கல்லில் தகப்பன் சின்னத்தைச் சாய்சதுரக் கட்டத்துக்குள் பொறிக்கலாம் என்று அறிகிறேன். இப்போது அக்கல்லில் "தாமசின், ஆம்ப்ரோஸ் கெட்டில்வுட்டின் மனைவி" என்றிருக்கிறது. என் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டு, "தாமசின், ஜெர்வஸ் பிளாம்ஸ்டனின் மகள்" என்று மட்டும் எழுதி, கொக்குகளை வைக்க அனுமதி தந்தருள வேண்டுகிறேன். அவர் பக்கத்தில் எனக்கென்று ஒதுக்கிய இடத்தையும் விட்டுக்கொடுக்கிறேன். என்னை வெளியே எங்கேனும் புதைத்துக்கொள்ளட்டும். விதிக்கு இது போதுமா என்று தெரியவில்லை. இதற்கு மேல் விட்டுக்கொடுக்க என்னிடம் எதுவுமில்லை.

நாள்: ஜூன் 14, 1623
இடம்: ஹாடன்

தங்கள் பணிவுள்ள,
ஆம்ப்ரோஸ் கெட்டில்வுட்
தாமசினின் கணவர் (இம்மனுவில் மட்டும்)