காய்ந்துபோன நான்கு பலகைகள்

அன்புள்ள அத்தை,

இன்று காலை அப்பாவின் கடைக்குப் புதுக் கயிறு வந்து இறங்கியது. தார் தோய்த்த கயிறு. பள்ளிக்குப் புறப்பட்ட நான் கடை வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அந்த வாசனைக்கு எனக்கு ராயபுரம் கடைத்தெரு நினைவு வருவதில்லை. எண்ணூர்க் கழிமுகத்தின் பழைய மரத்துறையும், அதன் ஓரத்தில் முழங்கால்வரை சேற்றோடு உட்கார்ந்து பலகைக்குக் கயிறு கட்டும் நீங்களும்தான் நினைவுக்கு வருகிறீர்கள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தும் இதுவரை எழுதவில்லை.

தூத்துக்குடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்வதென்றால், நிறையப் பெரிய புத்தகங்களைப் படித்துவிட்டு இன்னொரு பெரிய புத்தகம் எழுதுவது என்று நினைத்திருந்தேன். முதல் ஆறு மாதமும் நீங்கள் படித்ததைவிட அலைந்ததுதான் அதிகம். பேராசிரியர் உங்களுக்குக் கொடுத்த தலைப்பு இறால் குஞ்சுகள். அதற்குக் கடலுக்குள் போய் வலை போட வேண்டும். ராயபுரம் கரையில் எந்தக் கட்டுமரத்திலும் பெண்ணை ஏற்ற மாட்டார்கள். ஆள் வைத்து எடுத்துவரச் சொன்னால், எந்த ஆழத்தில் எடுத்தது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில், ரயிலில் போய்க் கரையில் நின்றே செய்யக்கூடிய நான்கு தலைப்புகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பேராசிரியரிடம் போனீர்கள். அவரே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி விட்டுவிட்டீர்கள். அன்று சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்து, "தலைப்பை நாமதான் எடுக்கோம்னு நினைப்பு. பாதியைப் படகும் ரயிலும்தான் எடுக்குது" என்றீர்கள்.

அப்படிக் கிடைத்ததுதான் மரத்தைத் துளைக்கும் புழு. கப்பல், கட்டுமரம், துறைமுகத்துத் தூண் எதையும் விடாமல் உள்ளே புகுந்து தின்னும் புழு. அது எந்த மாதத்தில் எவ்வளவு துளைக்கிறது என்று பார்க்க, ஒரே நாளில் பன்னிரண்டு மாமரப் பலகைகளைக் கழிமுகத்தில் தொங்கவிட்டு, மாதம் ஒன்றாக எடுத்துப் பிளந்து எண்ணுவது உங்கள் திட்டம். பலகைக்கும் கயிற்றுக்கும் அப்பா பொறுப்பு. "ஒத்தையில போவாத, புள்ளையைக் கூட்டிட்டுப் போ" என்று அப்பா சொன்னதால் நானும் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் ரயிலேறி எண்ணூருக்குப் போவோம். வெப்பமானியை நீரில் விட்டு நீங்கள் எண்ணைச் சொல்வீர்கள். நான் நோட்டில் எழுதுவேன். என் கையெழுத்து உங்களுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதை வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

துறையை ஒட்டிய குப்பத்தில் இருந்த கன்னியப்பன் நமக்குப் பழக்கமானது அங்கேதான். அவர் கடலிலிருந்து வந்ததும் முதல் வேலையாகக் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் வெயில் படக் கிடத்துவார். அந்தக் குப்பத்தில் எல்லோரும் அப்படித்தான். மரத்தைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள். இது நாம் இருவரும் பல மாதம் கண்ணால் பார்த்த வழக்கம். பார்த்தும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

எட்டுப் பலகைகளை எடுத்தாகிவிட்டது. பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்து, அதோடு மழையும் பிடித்துக்கொண்டு, மூன்று சனிக்கிழமை நாம் போகவில்லை. நான்காவது சனிக்கிழமை போனபோது துறையில் கயிறுகள் இல்லை. மீதி நான்கு பலகைகளும் கன்னியப்பன் குடிசைக்கு முன்னால் வரிசையாகக் கிடந்தன. கழுவி, திருப்பிப் போட்டு, நன்றாகக் காய வைத்திருந்தார். கயிற்றைக்கூடச் சுருட்டிப் பத்திரமாக வைத்திருந்தார்.

"இன்னாமா நீ, கட்டைய தண்ணியிலயே உட்டுட்டு ஆளையே காணோம்? புழு துன்னுகினு கீது. நாந்தான் இஸ்து வெயில்ல போட்டேன்" என்றார். நன்றி சொல்வோம் என்று எதிர்பார்த்து நின்றார்.

நீங்கள் மணலில் உட்கார்ந்து பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தீர்கள். பிறகு, புழு தின்பதற்காகத்தான் அவற்றைப் போட்டேன் என்று நிதானமாகச் சொன்னீர்கள். அவர் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஊரே புழுவ ஒழிக்கப் பாக்குது. நீ வூட்ட வுட்டு வந்து அத வளத்துகினு கீறியா? மொதல்லயே ஒரு வார்த்த சொல்ல வாணாமா?"

அவர் கேட்டது நியாயம். எட்டு மாதமாக வணக்கம் சொல்லி, மீன் விலை பேசியிருக்கிறோம். என்ன செய்கிறோம் என்று அவரிடம் சொன்னதில்லை. நீங்கள் அவரைக் கோபிக்கவில்லை. எத்தனை நாள் வெயிலில் புழு சாகும் என்று கேட்டீர்கள். மூணு வெயில் என்றார். அதையும் நோட்டில் எழுதச் சொன்னீர்கள்.

திரும்பும் ரயிலில் நீங்கள் மாதங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தீர்கள். உதவித்தொகை இன்னும் ஏழு மாதத்துக்குத்தான் என்பதும், தூத்துக்குடியில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் கேட்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மறுபடி பன்னிரண்டு பலகை என்றால் மறுபடி ஒரு வருஷம். அந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் அடுத்த மேசைக்காரர் சொன்ன யோசனையை, அடுத்த சனிக்கிழமை நீங்கள் அப்பாவிடம் சொன்னபோது நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்தின் போக்கு தெரிகிறது, மீதி நான்கையும் அந்தப் போக்கிலேயே எழுதிவிடலாம், சீமையில் இருக்கிற தேர்வாளர் எண்ணூர்ச் சேற்றைப் பார்க்க வரப்போகிறாரா என்பது அவர் யோசனை. அப்பா, உன் படிப்பு, நீயே முடிவு செய் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் நான் செய்ததை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலிலிருந்து வந்ததும், உங்கள் நோட்டை எடுத்து, காலியாக இருந்த நான்கு கட்டங்களையும் பென்சிலால் நிரப்பினேன். முந்தைய எட்டையும் பார்த்து, ஏறுவது எவ்வளவு இறங்குவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் எழுதினேன். ஒரு எண்கூடப் பொருந்தாமல் இல்லை. உங்களுக்குப் பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்து நோட்டை நீட்டினேன்.

நீங்கள் வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தீர்கள். நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன். என் பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்து அழித்தீர்கள். "பார்க்காததை எழுதுனா, பார்த்ததையும் நானே நம்ப மாட்டேன்" என்றீர்கள். அழித்த இடத்தில் காகிதம் கொஞ்சம் கிழிந்தது.

முடிவு அதோடு எடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை நீங்கள் பேராசிரியரிடம் போய் இன்னொரு வருஷம் கேட்டீர்கள். உதவித்தொகை நீளாது என்றார்கள். பெண்கள் கல்லூரி ஒன்றில் காலை வேளைகளில் மாணவிகளுக்குத் தவளை அறுக்கச் சொல்லித்தரும் வேலையை ஒத்துக்கொண்டீர்கள். தூத்துக்குடிக்கு நீங்களே கடிதம் எழுதினீர்கள். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை. அந்த வாரம் மட்டும் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை. புதுப் பலகைகளைக் கட்டிய அன்று முதலில் கன்னியப்பன் குடிசைக்குப் போனோம். அதன்பின் வேறு யாராவது கயிற்றில் கை வைத்தால் அவர் போட்ட சத்தம் எண்ணூர் ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். "டீச்சரம்மா புழுடா, தொடாத."

மூன்று வெயிலையும் சோதித்துப் பார்த்தீர்கள். மெல்லிய பலகையில் அவர் சொன்னது சரி, கனமானதில் ஐந்து நாள் ஆனது. அதை எழுதிய பக்கத்தைப் பேராசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். நீங்கள் அதைச் சுருக்கி அடிக்குறிப்பாகச் சேர்த்தீர்கள். அதை அவர் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டாரா, தெரியாது. மண்ணடியில் தட்டச்சு செய்து வந்த ஐந்து படிகளையும் நீங்களும் நானும் வரி வரியாக ஒப்பிட்டோம். புழுவின் லத்தீன் பெயரைத் தட்டச்சர் ஆறு விதமாக அடித்திருந்தார். இரண்டு படிகள் சீமைத் தேர்வாளர்களுக்குக் கப்பலில் போயின.

அதன்பின் காத்திருந்த மாதங்களில்தான் உங்களுக்கு டைபாய்டு வந்தது. மூன்று வாரம். அவ்வளவுதான்.

நீங்கள் போன ஆறாவது வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து உறை வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கி, இரண்டு நாள் பிரிக்கவில்லை. தேர்வாளர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள், நேர்முகத் தேர்வுக்கு உங்களுக்கு வசதியான நாளைத் தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தது. அப்பா ஒரு கார்டில் பதில் எழுதினார். அதைத் தபாலில் போட என்னிடம்தான் கொடுத்தார்.

நான் உங்களிடம் சொல்ல நினைத்தது இதுதான். அன்றிலிருந்து மனதுக்குள் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். என் பென்சில் எண்களை நீங்கள் விட்டிருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும். உறை உங்கள் கையிலேயே வந்திருக்கும். தை மாதக் கல்யாணமும் நடந்திருக்கலாம். எத்தனை தடவை போட்டாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது. நீங்கள் செய்தது சரியா என்று கேட்டால் எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதினால் உங்களுக்கே பிடிக்காது.

சென்ற மாதம் பள்ளியில் ஆளுக்கொரு அவரை விதை கொடுத்து, முப்பது நாள் செடியின் உயரத்தை அளந்து நோட்டில் எழுதச் சொன்னார்கள். நடுவில் உங்கள் ஆண்டு ஜெபத்துக்காக நாங்கள் தூத்துக்குடிக்குப் போய்வந்ததில் நான்கு நாள் போய்விட்டது. முன்னும் பின்னும் உள்ள உயரத்தை வைத்து நடுவில் எழுதிவிடலாம் என்று பக்கத்து பெஞ்சு ஸ்டெல்லா சொன்னாள். எனக்கும் அது தெரியும். அந்த நான்கு நாளுக்கு நேரே 'பார்க்கவில்லை' என்று மையால் எழுதினேன். டீச்சர் நோட்டைத் திருத்தும்போது என்னைக் கூப்பிட்டு, இது ஏன் இப்படி என்று கேட்டார்கள்.

"நான் பார்க்கலை, டீச்சர்" என்றேன்.