ஆரணி விரதம் பிடித்த கிழமை

திங்கள். விடியவே மழை.

கந்தசட்டி மூன்றாம் நாள். ஆரணிக்குக் கிளினிக். இவர் தோட்டத்தில் வெங்காயத் தறையில் நிற்கிற தண்ணீரை வெட்டிவிடப் போய்விட்டார். நானும் மகளும் மட்டும் பஸ்ஸில்.

வழியில் ஒரு தரமும் இறங்கவில்லை! போன மாதம் இதே பஸ்ஸை நிற்பாட்டி, முன்பின் தெரியாத வீட்டுக் கக்கூசுக்குள் ஓடிய பிள்ளை. பத்தொன்பது வயது. பெருங்குடல் முழுக்கப் புண், ஒரு வருசமாக இரத்தமாய்ப் போகிறது. இனியும் மோசமானால் குடலை வெட்டி, வயிற்றில் பை வைக்க வேண்டும் என்று சேர்ஜன் சொன்னது காதுக்குள்ளேயே நிற்கிறது.

விரதம் பிடிக்கப் போகிறேன் என்று அவளாகத்தான் சொன்னாள். மிளகும் தண்ணீரும், பின்னேரம் ஒரு வாய் பால். இவர் வேண்டாம் என்றார். சாமி காரியத்தில் குறுக்கே நிற்காதீர்கள் என்று நான்தான் வாயை அடைத்தேன். பத்துத் தரம் போனவள் இப்போது இரண்டு தரம். முருகா, நீதான்.

டாக்குத்தரிடம் விரதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் ஏச்சு விழும். எத்தனை தரம் போகிறது என்று கேட்டார். இரண்டு என்றாள். மனுசனுக்குச் சந்தோசம், குளிசை மருந்தைக் குறைத்தார். வெளியே வர, ஆராய்ச்சி செய்கிற பெண் டாக்குத்தர் ஒருவர் ஆரணியின் கையில் இரத்தம் எடுத்தார். குடல் வருத்தத்தின் கடுமையை இரத்தத்தில் பார்க்கலாமா என்று படிக்கிறார்களாம். எடுக்கட்டும்.

வாங்க: தே. எண்ணெய், கற்பூரம், ஆரணிக்குப் பேனை.

புதன். மழை இல்லை. புழுக்கம்.

ஆரணி பழைய கேள்வித்தாள்களோடு. உயர்தரச் சோதனைக்கு இன்னும் இரண்டு கிழமை, பதினாலே நாள். போன முறை மண்டபத்துக்குள் இருக்க ஏலாமல் பாதியில் எழும்பி வந்தவள். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. விரதக் களைப்பு.

சமைத்துக்கொண்டு நிற்க போன். அந்தப் பெண் டாக்குத்தர். இரத்தத்தில் சைட்டோகைன் என்று ஒன்றாம். உடம்புக்குள் அழற்சி இருந்தால் கலங்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்ல விடுகிற பொருளாம். அதில் இன்டர்லூக்கின் ஆறு என்பது ஆரணிக்கு மிகவும் கூடிப்போய் இருக்கிறதாம்.

"கிளினிக்கிலை நீங்கள் சொன்னதுக்கும் இரத்தத்திலை இருக்கிறதுக்கும் பொருந்தேல்லை அம்மா. இதை மட்டும் வைச்சு முடிவெடுக்கேலாது, வேறை காரணத்தாலையும் கூடும். ஆனால் நாளைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

நாளைக்குச் சூரன்போர்! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கண் முன்னே பிள்ளை சுகமாக நிற்கிறது, இவவுக்குக் குப்பிக்குள் வருத்தம் தெரிகிறதாம். வெள்ளி பாறணைச் சோறு சாப்பிட்டு விரதம் முடிய வருகிறோம் என்று போனை வைத்துவிட்டேன். ஆரணியிடம் சொன்னேன். விடுங்கோ அம்மா என்றாள். இவருக்குச் சொல்லவில்லை.

வெள்ளி.

விடியவே பாறணைச் சமையல். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பாயசம். அவள் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். படைத்ததைத் தள்ளக்கூடாது என்று நான்தான் குழைத்து வாயில் தீத்தினேன். விழுங்கினாள். கிளினிக்குக்கு வெளிக்கிட முதல் கக்கூசுக்குப் போனவள் வரவில்லை. கதவைத் தள்ளித் திறந்தோம். எல்லாம் இரத்தம். சுவரோடு சரிந்து கிடந்தாள். ஓட்டோ. என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை என்று வழி முழுக்கக் கத்தினேனாம், இவர் சொல்கிறார்.

சனி. வார்ட்.

காய்ச்சல். இரத்தம் ஏறுகிறது. ஊசி மருந்துக்குக் குடல் கேட்காவிட்டால் வெட்டத்தான் வேண்டும்.

விரதத்தைச் சொன்னேன். டாக்குத்தர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். சாப்பிடாவிட்டால் போவது குறையும்தானே அம்மா, அதற்காகப் புண் ஆறினதென்று இல்லை என்றார். இவ்வளவுதான் விசயம். ஒரு வருசமாகப் பிள்ளைக்குப் பின்னால் திரிகிற எனக்கு விளங்கவில்லை. மண்டைக்குள் என்ன களிமண்ணா?

போன் வந்ததை இவருக்கு இன்றைக்குத்தான் சொன்னேன். எழும்பி வெளியே போனார். பிறகு வந்து மர வாங்கில் குந்தினார்.

ஞாயிறு. திரும்பவும் மழை.

கண் திறந்தாள். கோயில் திருநீற்றைப் பூசி, ஆறு நாளும் பிடித்த உன்னை முருகன் கைவிடமாட்டார் என்றேன். முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள்.

"நான் விரதம் பிடிக்கேல்லை அம்மா. சாப்பிட்டால் கக்கூசுக்குப் போகவேணும். சாப்பிடாட்டில் சோதனை மண்டபத்திலை இருக்கலாமோ எண்டு பாத்தனான்."

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் சாப்பிடச் சொல்லுவீங்கள் என்றாள்.

இவர் கொண்டுவந்த தேத்தண்ணீர் ஆறிப்போய்விட்டது.

திங்கள்.

மருந்து கேட்கவில்லை. நாளைக் காலமை வெட்டுகிறார்கள். சேர்ஜன் பையைக் காட்டி, வயிற்றில் எந்த இடம் என்று பேனையால் அடையாளம் போட்டார். என்னால் பார்க்க முடியவில்லை, சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றேன். ஆரணி பையைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது இருந்தால் எழும்பி ஓடாமல் மூண்டு மணித்தியாலமும் இருந்து எழுதலாம் என்னம்மா?"

ஓம் பிள்ளை என்றேன். சோதனைக்கு இன்னும் ஒன்பதே நாள். எந்த வருசம் என்று அவள் கேட்கவில்லை.