இருமுறை கூட்டிய வரி

அன்பு மகளுக்கு,

தூய கணிதமா, பயன்பாட்டுப் புள்ளியியலா என்று தீர்மானிக்க நான் போட்டுத் தந்த மதிப்பெண் பட்டியலை இன்று உன் மேசையில் பார்த்தேன். வேலைவாய்ப்பு என்ற வரியை இருமுறை கூட்டியிருக்கிறேன். மறுகூட்டல் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பிறர் பிழைகளைப் பிடிப்பவன் நான்.

அதைவிட அதிர்ச்சி, அவ்வரியைச் சுற்றி நீ பென்சிலால் இட்டிருந்த வட்டம். அதற்குப் பிறகுமா, "அப்பா கணக்கு தப்புமா? புள்ளியியலே எடுத்துக்கறேன்" என்று சிரித்தாய்?

உன் அம்மாவைக் கேட்டேன். "உங்க முகம் வாடிடக்கூடாதுன்னு சொல்லாம விட்டுட்டா" என்றாள்.

சரியாகக் கூட்டினால் கணிதம் நான்கு மதிப்பெண் முந்துகிறது. கல்லூரியில் கொடுத்த விருப்பத்தை மாற்ற நாளை மாலை ஐந்து மணிவரை அவகாசம் உண்டு. படிவம் இக்கடிதத்தின் அடியில் இருக்கிறது. நிரப்பாத படிவத்தில் கையொப்பமிடக் கூடாது என்று அலுவலகத்தில் எல்லோரையும் கடிந்துகொள்ளும் நான், இதில் இட்டிருக்கிறேன். பாடத்தின் பெயரை நீயே எழுது.

உன் அப்பா